முட்டை சேர்க்காத கிறிஸ்துமஸ் தட்டு

இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சேலையூரில் நாங்கள் ஃபிளாட் வாங்கிக் குடிபோனபோது எதிர் வீட்டில் ஓர் ஆன்ட்டி இருந்தார். சுத்த சைவம். என் வீட்டுச் சாவி அவரிடம், அவர் வீட்டுச் சாவி என்னிடம். என் மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது தினமும் இளநீர் வாங்கி வாசலில் வைத்துவிட்டுப் போனவர். அப்படிப்பட்டவருக்குக் கிறிஸ்துமஸ் அன்று ஒரு துண்டு கேக் கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டு கேக்கில் முட்டை உண்டு.

அவருக்காகத்தான் பேரீச்சம்பழ க்ரம்பிள் பார் செய்யக் கற்றுக்கொண்டேன். அதற்கு முட்டையே வேண்டாம். ஆனாலும் முட்டை பட்ட பாத்திரம் ஆகாதே என்று, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் புது டிரேயும் கிண்ணமும் வாங்கித் தனியாக வைத்தேன்.

லேசான வேலை இல்லை அது. பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து, உலர்திராட்சையோடு வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து மசிக்க வேண்டும். மைதா, ஓட்ஸ், சர்க்கரை மூன்றிலும் சில்லென்ற வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். புட்டு மாவுப் பதம்தான். பிடித்தால் பிடிபடணும், விட்டால் உதிரணும். கைச்சூட்டில் வெண்ணெய் உருகினால் போச்சு, எல்லாம் சப்பாத்தி மாவாகிவிடும். பாதியை டிரேயில் அழுத்தி, மேலே பழத்தைப் பரப்பி, மீதி மாவைத் தூவி ஓவனில் வைத்தால், அதற்கென்றே காத்திருந்த மாதிரி கரண்ட் போகும். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டு, சூடு வெளியே போகாமல் ஓவன் கதவுக்குக் காவல் இருப்பேன்.

தட்டைக் கொடுக்கும்போது ஒவ்வொரு வருஷமும் சொல்வேன், "ஆன்ட்டி, முட்டை இல்ல. பாத்திரம்கூட தனி." அவரும் மறுநாள் தட்டில் சர்க்கரை போட்டுத் திருப்பித் தருவார். "வாயில வச்சதும் அப்படியே கரைஞ்சு போச்சும்மா." கரைகிற பலகாரமா அது? கடித்தால் மொறுமொறுவென்று உதிரும். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பாராட்டு என்றால் நமக்குத்தான் காது மட்டும் வேலை செய்யுமே.

இரண்டு வீட்டுக்கும் ஒரே வேலைக்கார அக்காதான். அவருக்கு வழக்கமான கேக்கைக் கொடுத்துவிடுவேன். ஒரு கிறிஸ்துமஸ் முடிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, சிங்க்கில் பேரீச்சம்பழம் ஒட்டிக் கிடந்த டிரேயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏங்க்கா, எதிர் வூட்ல குடுக்கிற பேரீச்சம்பழ கேக்கு நீ செஞ்சதா? சூப்பரா கீது. எம் புள்ளைங்க சண்ட போட்டுகினு துன்னுதுங்க."

"மீந்ததைக் கொடுத்தாங்களா?"

"மீந்ததா? தட்டோட கொட்டுவாங்கக்கா. வருசா வருசம் எனக்குத்தான். அவங்க யாரும் வாயில வைக்க மாட்டாங்க."

எனக்குக் காது ரெண்டும் கொதித்தது. அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டதில் எனக்கு என்ன வருத்தம்? வயிறாரச் சாப்பிடட்டும். "எனக்கு வேண்டாம்" என்று ஆன்ட்டி ஒரு வார்த்தை முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் பூ வாங்கிக் கொடுத்திருப்பேன், பழம் வாங்கிக் கொடுத்திருப்பேன். அவர் பயந்தது முட்டைக்கு இல்லை, என் கைக்கு. தீபாவளிக்கு அவர் கொடுக்கிற அதிரசம் கல் மாதிரி இருக்கும். அதைக்கூடப் பாலில் ஊறவைத்து மிச்சம் வைக்காமல் தின்றவள் நான்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கும் செய்தேன். டிரே மொத்தத்தையும் வேலைக்கார அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் ஆன்ட்டி மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்.

"என்னம்மா, இந்த வருஷம் நமக்கு ஒண்ணும் இல்லையா?"

"பண்ணினேனே ஆன்ட்டி. வழக்கமா போற வீட்டுக்கு நேராவே அனுப்பிட்டேன். நடுவுல உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

அவர் முகம் செத்துப்போயிற்று. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கதவு திறக்கும், "இருந்தா ஒண்ணு கொடேன்" என்று கேட்பார் என்று வெட்கம் கெட்டுப் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.