பத்து மணி நேரத் தூரம்

வான்கூவரிலிருந்து பிஜித் தீவில் எங்கள் நாண்டி விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும் என் சித்தப்பா பட்டென்று "பத்து மணி நேரம்" என்பார். நடுவில் லாஸ் ஏஞ்சலஸில் விமானம் மாறுவதையெல்லாம் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அண்ணன் கனடாவுக்குக் குடிபோனபோது அம்மாவைத் தேற்றியதும் அந்தப் பத்து மணி நேரம்தான்.

"ராத்திரி ஏறுனா காலையில வந்துருவான், அண்ணி. அழுவாதீங்க."

அம்மா நம்பினாள். நானும் நம்பினேன். எங்கள் ஊர் சபேட்டோவில் கரும்புத் தோட்டத்துக்கு மேலேதான் விமானங்கள் தாழப் பறந்து இறங்கும். தினமும் தலைக்கு மேல் போகிற ஒன்றைத் தூரம் என்று யாருக்குத் தோன்றும்?

அடுத்த ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து, ஊரடங்கு போட்டிருந்த நாட்களில் அப்பா இறந்துபோனார். அண்ணன் போனில் ஓவென்று அழுதான்.

"வியாழக்கிழமை ராத்திரி ஏறுறேன். நான் வந்துதான் கொள்ளி வைக்கணும்."

சித்தப்பா மளமளவென்று வெள்ளிக்கிழமைக்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். ஆட்கள் கூடுவதற்கு ராணுவம் அந்த ஒரு நாளைக்குத்தான் அனுமதி தந்தது, அதுவும் பொழுது சாய்வதற்குள். பக்கத்துப் பூர்வகுடிப் பிஜியர் கிராமத்தார் கேட்காமலே விறகு கொண்டுவந்து இறக்கினார்கள்.

வெள்ளி காலை லவுத்தோக்கா ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் அண்ணனை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போனேன். எல்லோரும் வெளியே வந்து போன பிறகும் அவனைக் காணோம். கவுண்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். அங்கே வியாழன் இரவு ஏறினால் இங்கே சனிக்கிழமை காலைதான் இறங்க முடியும். கடலுக்கு நடுவே தேதி மாறுகிறது, ஒரு நாள் போய்விடும். விமானச் சத்தத்திலேயே வளர்ந்த எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை! சித்தப்பா மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

வீட்டில் சொன்னதும் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமைக்கு அனுமதி கிடையாது. கடைசியில், தானே கொள்ளி வைப்பதாக எழுந்தார். அம்மா விடவில்லை.

"பெத்த புள்ள இங்க இருக்கையில நீங்க எதுக்கு? அவ வைக்கட்டும்."

எங்கள் வீட்டுப் பெண்கள் சுடுகாட்டுப் பக்கமே போனதில்லை. பூசாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாவைப் பார்த்துவிட்டுக் கொள்ளியை என்னிடம் நீட்டினார். நான்தான் வைத்தேன். அண்ணன் வந்துகொண்டிருக்கிறானே, வந்துகொண்டிருக்கிறானே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை விமான நிலையத்தில் அண்ணன் பெட்டியை இழுத்துக்கொண்டு அவசரமாக வெளியே வந்தான்.

"நேரத்துக்கு வந்துட்டேன்ல? இன்னிக்கு வெள்ளிதானே?"

"சனிக்கிழமை, அண்ணே."

அவன் வியாழன் இரவு கண்ணை மூடி, சனிக்கிழமை காலை விழித்திருக்கிறான். அப்பாவை எரித்த நாள் அவனுக்கு விடியவே இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"யாரு வச்சா?"

"நான்தான்."

என் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வீடு வந்து சேரும்வரை அதை விடவில்லை.