கட்டை மணியின் காதும் ரஹ்மத் அக்காவின் கேசட்டும்

போன வாரம் பட்டுக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெரியவர். மூக்குக்கண்ணாடி நிமிஷத்துக்கு ஒருதரம் ஒரு பக்கமாகச் சரிகிறது. அவரும் சலிக்காமல் ஏற்றி விட்டுக்கொண்டே வருகிறார். என்னடா என்று எட்டிப் பார்த்தால், கண்ணாடிக் கொம்பு மாட்ட வேண்டிய வலது காது பாதிதான் இருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டை மணியோ? நைசாக முன்னால் போய் முகத்தைப் பார்த்தேன். இல்லை, வேறு ஆள். கட்டை மணிக்குப் போனது இடது காது. ஆனாலும் ஒரத்தநாடு தாண்டும்வரை எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

தஞ்சாவூர் என்றதும் கோபுரத்தை நினைக்கிறவர்கள் எங்கள் கிடங்குச் சந்துக்கு வந்திருக்க மாட்டார்கள். ரயிலடிக்குப் பின்னால், லோடுமேன்களும் ரிக்‌ஷாக்காரர்களும் விசாவுக்குக் காத்துக் கிடப்பவர்களும் நிறைந்த சந்து. பட்டப்பகலில் சோடா பாட்டில் பறக்கும். யாராவது ஒருவர் மண்டையில் கட்டுடன் டீ குடித்துக்கொண்டிருப்பார். அடித்தவர்தான் வாங்கிக் கொடுத்திருப்பார். பத்தாவதில் மூன்று தரம் கோட்டை விட்டுவிட்டு நீடாமங்கலத்திலிருந்து வந்த நான், அங்கேதான் கேசட் கடை போட்டேன்.

பாட்டுப் பதிவதை விடக் கடிதம் பதிவதுதான் அங்கே பெரிய வேலை. தப்பாக நினைக்காதீர்கள், பேசுகிற கடிதம். வீட்டுக்கு வீடு ஒருத்தர் சவுதியிலோ குவைத்திலோ இருந்த காலம். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு மனசுவிட்டுப் பேச முடியுமா? என் கடையில் ஒரு பக்கம் அரை மணி நேரம். பின்னால் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, வாசலில் "ஒலி புகா அறை" என்று பெயிண்டில் எழுதியிருந்தேன். சைக்கிள் மணியிலிருந்து ரயில் வரைக்கும் அதில் புகாத ஒலி கிடையாது. முட்டை அட்டையால் வந்த பலன், பேசுகிறவர்கள் மேல் லேசாகக் கோழி வாடை அடித்ததுதான்.

ஒட்டின மாதிரி அடுத்த கடை ஜப்பாரின் பரோட்டாக் கடை. சாயங்காலம் ஐந்தானால் கொத்து ஆரம்பிக்கும். அவனுக்கு இடது மணிக்கட்டு சின்ன வயதில் முறிந்து கோணலாகக் கூடியது. அதனால் அவன் கொத்து சற்று நொண்டும்: டக்கு டக்கு டக்கு... டட். டக்கு டக்கு டக்கு... டட். கல்லில் நிற்பது ஜப்பாரா வேறு மாஸ்டரா என்று சந்தில் கண் தெரியாதவர்கூடச் சொல்லிவிடுவார்.

ஜப்பாரின் அண்ணி ரஹ்மத் அக்கா. அவருடைய மச்சான், அதாவது வீட்டுக்காரர், சவுதியில். ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அறையில் உட்கார்ந்து ஒரு பக்கம் நிறையப் பேசிவிட்டுப் போனார். நடுவில் வெளியே யாரோ அலறினார்கள். எங்கள் சந்தில் அலறலுக்கெல்லாம் ரெக்கார்டிங்கை நிறுத்தினால் பிழைக்க முடியாது; நான் நிறுத்தவில்லை.

அலறினது கட்டை மணி. சந்துக்கே ரவுடி. சந்தின் கடைக்கோடியில் யாரோ அவன் காதைப் பாதியாக்கிவிட்டார்கள். முக்கு கம்பவுண்டர் ரத்தத்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். மூடிக்கொண்டே கட்டுப் போட்டார் போலிருக்கிறது. யார் செய்தது என்று கேட்டதற்கு, "ஜப்பார்தான். பரோட்டா வெட்டுற கத்தியால அறுத்துட்டான்" என்றான் மணி. காலையில்தான் ஓசிச் சால்னா கேட்டு இரண்டு பேருக்கும் தகராறு. ஜப்பார் லுங்கியில் கோழி ரத்தம் வேறு. பரோட்டா தின்றுகொண்டிருந்தவர்கள் மணிக்குப் பயந்து சாட்சிக்கு வரவில்லை. மறுநாள் விடிந்ததும் போலீஸ் ஜப்பாரை அள்ளிக்கொண்டு போய்விட்டது. மலேசியாவுக்கு விசா வரும் என்று காத்திருந்த பையன். கேஸ் விழுந்தால் எல்லாம் போச்சு.

டீக்கடையில் ஒருத்தருக்கும் மணி மேல் இரக்கமில்லை. "காது போனா என்ன, அவன் என்னைக்கு யார் பேச்சக் கேட்டான்?" என்றார் ஒரு லோடுமேன்.

பத்து மணிக்கு ரஹ்மத் அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்தார். கையில் கேசட்.

"தம்பி, ராத்திரி போட்டுக் கேட்டேன். மணி கத்துறான். அப்பவும் ஜப்பாரு நிறுத்தாம கொத்திக்கிட்டே இருக்கான். இது போதும்ல, அவன் அறுக்கலன்னு சொல்ல?"

"போதும்க்கா! வாங்க ஸ்டேஷனுக்கு."

அக்கா நகரவில்லை. "அதுல நான் பேசுனது இருக்கே."

"என்ன பேசுனீங்க?"

"மாமியப் பத்தி."

ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தது அதே மாமிதான். ஜப்பாரைப் பெற்றவர்.

"கொத்துச் சத்தத்த மட்டும் பிரிச்சுக் குடு தம்பி" என்றார் அக்கா. உளுந்தையும் அரிசியையும் சேர்த்து அரைத்த பிறகு மாவிலிருந்து உளுந்தைப் பிரிக்கச் சொன்னால் எப்படி? கையை விரித்தேன். அக்கா கேசட்டை முந்தானைக்குள் செருகிக்கொண்டார். பிறகு, "சரி வா. அவன் வெளிய வரட்டும், நான் உள்ள போறேன்" என்று எனக்கு முன்னால் நடந்தார்.

எஸ்.ஐ. மேஜை மேல் டேப்ரெக்கார்டரை வைத்துப் போட்டேன். மாமி, நாலு போலீஸ், காதில் பெரிய கட்டுடன் மணி, கம்பிக்குப் பின்னால் ஜப்பார்.

"மச்சான், உங்கம்மா சோத்துக்கு நான் வச்ச ஆணத்த வாயில வச்சுட்டு, 'நோன்புக்கு நல்லது, சாப்புடணும்னே தோணாது'ங்குறாங்க. நீங்க அனுப்புன தைலத்தப் பெட்டியில வச்சுப் பூட்டியாச்சு. தலைவலின்னா மூடிய மட்டும் மோந்து பாக்கக் குடுக்குறாங்க..."

ஒரு கான்ஸ்டபிள் சுவர்ப் பக்கம் திரும்பிக் குலுங்கினார். ரஹ்மத் அக்கா கண்ணை மூடி நின்றார். பின்னால் டக்கு டக்கு டக்கு... டட். அலறல். கொத்து நிற்கவில்லை.

"யார் வேணா கொத்தலாம்யா" என்றார் எஸ்.ஐ.

"சார், இது அவன் கை!" என்று நான் குதித்தேன். கம்பி இடுக்கில் இரண்டு ஸ்கேலைக் கொடுத்தார்கள். ஜப்பார் பெஞ்சில் கொத்திக் காட்டினான். அதே நொண்டல். ஸ்டேஷனே பசித்துப்போய் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் மாமி வாயைத் திறந்தார். "இன்னொரு தடவ போடு தம்பி."

அக்கா முக்காட்டை இன்னும் இழுத்து விட்டுக்கொண்டார். நான் திருப்பிப் போட்டேன். முதல் தடவை எல்லோரும் மாமியார் கதையில் காதைக் கொடுத்திருந்ததால் தப்பிப் போனது, இந்தத் தடவை விழுந்தது. அலறலுக்குப் பின்னாலேயே, தூரத்தில் என்றாலும் தெளிவாக: "கடிக்காத சரோஜா! விட்டுடு சரோஜா!"

சரோஜா மணியின் பெண்டாட்டி. அவன் தோளுக்கு வருவார். கை ஓங்கியிருக்கிறான்; குனிந்தவன் காது அவர் வாய்க்கு எட்டிவிட்டது. சந்துக்கே ரவுடி, இதை வெளியில் சொல்ல முடியுமா?

எஸ்.ஐ. மணியைப் பார்த்தார். மணி டேப்ரெக்கார்டரைப் பார்த்தான். "வீட்டு விஷயம் சார்" என்றான். வீட்டு விஷயமானாலும் பொய்ப் புகாருக்கு எஸ்.ஐ. அவனை அங்கேயே உட்கார வைத்துவிட்டார். மத்தியானத்துக்குள் ஜப்பார் வெளியே வந்தான்.

வெளியே வந்ததும் மாமியிடம் கேட்டேன், "சரோஜா பேர் மொதல்லயே கேட்டுச்சா மாமி?"

"எந்த சரோஜா? மூடிய மோக்கக் குடுத்தது ஒரே தடவதான். இவ எத்தன தடவன்னு சொல்லிருக்கான்னு கேக்கத்தான் போடச் சொன்னேன்."

ரஹ்மத் அக்கா உள்ளே போகவில்லை. ஆனால் ஒரு வாரம் வீட்டில் பேச்சே இல்லையாம். அடுத்த வெள்ளிக்கிழமை மாமி என் கடைக்கு வந்தார், மகனுக்கு மறுப்புக் கேசட் பேச. எந்தப் பக்கம் மைக் என்று தெரியாததால் மருமகளையே துணைக்குக் கூட்டி வந்திருந்தார். அரை மணி நேரம் மாமி ஒன்று சொல்ல, "அது பொய் மச்சான்" என்று அக்கா குறுக்கே பாய, இரண்டு பேரும் கடைசியில் என்னத்துக்கோ சிரித்து விக்கினார்கள். நான் நிறுத்தவில்லை. முதல் கேசட்டை ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டதால் அது சவுதிக்குப் போகவேயில்லை, இதுதான் போனது.

ஜப்பார் மலேசியாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். ரோட்டை அகலப்படுத்தினபோது சந்தில் பாதியும் என் கடையும் போயின. இப்போது அங்கே பைக் நிறுத்துகிறார்கள். மணியும் சரோஜாவும் எந்த ஊரோ. மாமி மவுத்தாகி, அடக்கம் பண்ணி எட்டு வருஷமாகிறது.

அக்காவைப் பெருநாளைக்குப் போய்ப் பார்த்தேன். மச்சான் திரும்பி வந்துவிட்டார். இப்போது மகன் துபாயில். தினமும் வீடியோவில் வருகிறான்.

"மொகம் தெரியுது, பேசுறது பக்கத்துல பேசுற மாதிரி கேக்குது" என்றார் அக்கா. "எவ்வளவு நேரம் வேணாலும் பேசலாம் தம்பி. கொறை சொல்றதுக்குத்தான் மாமி இல்ல."