இரண்டு கேமராவில் என் முகம்

கல்யாண வீடியோவில் தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணின் முகம் மங்கலாக இருக்கிறது என்று சொல்ல, பாகூரிலிருந்து அவளுடைய அண்ணன் எங்கள் கடைக்கு வந்திருந்தார். வில்லியனூரில் நானும் என் கணவரும் சேர்ந்து நடத்தும் சின்ன ஸ்டுடியோ அது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று அவர் வீடியோ எடுப்பார். நான் கடையில் உட்கார்ந்து எடிட்டிங் செய்வேன்.

“பின்னாடி தொங்குற பூவெல்லாம் ஒண்ணொண்ணா எண்ணலாங்க்கா. என் தங்கச்சி மூஞ்சி மட்டும் ஆவி புடிச்ச கண்ணாடி மாதிரி கீது. அந்த நேரம் திரும்பி வருமா, நீங்களே சொல்லுங்க.”

கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கண் கலங்கி நின்றார்.

அது முதல் புகார் இல்லை. மங்கலான இடங்களை நான் ஸ்லோமோஷன் போட்டும், நடுவே போட்டோக்களைச் செருகியும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். இப்போது மூடவே முடியாத அளவுக்குப் பெருகிவிட்டது. ஆவணி முகூர்த்தத்துக்குச் சொல்லிவைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக, வேறு ஆளைப் பார்த்துவிட்டதாகப் போனில் சொன்னார்கள்.

கணவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. “கேமரா கெழமாயிடுச்சி. அவனவன் மிரர்லெஸ்ஸுக்குப் போயிட்டான். நாம இன்னும் இந்த டி.எஸ்.எல்.ஆர வச்சிக்கினு அழுவுறோம்.”

அதில் உண்மையும் இருந்தது. எங்கள் பழைய டி.எஸ்.எல்.ஆர் கேமராவில் வீடியோ எடுக்கும்போது ஃபோகஸைத் தானாக விட்டால் முன்னும் பின்னும் அலையும். அதனால் அவர் பின்பக்கத் திரையைப் பார்த்துக்கொண்டே லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்புவார். புதிய மிரர்லெஸ் கேமராவோ ஆளின் கண்ணைத் தானே கண்டுபிடித்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். நம்ப ஆசைப்பட்டேன்.

சேதராப்பட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் மிரர்லெஸ்ஸை ஒரு பகலுக்குக் கொடுத்தார். வாங்குவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று, என் கணவர் வீட்டுக்குப் பின்னால் கரும்புக்கொல்லை ஓரம் இரண்டு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் ஸ்டாண்டில் நிறுத்தினார். எதிரே நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார். வெயிலில் கொஞ்சம் எடுத்தார். பிறகு வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொஞ்சம். “சிரி. தலையத் திருப்பு. எதனா பேசு,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவ்வளவு உற்சாகமாக அவரைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு படத்தையும் அக்கம்பக்கமாக ஓட்டினேன். மிரர்லெஸ்ஸில் என் இமைமுடி தெரிந்தது. இருட்டறையிலும் புடவையின் சிவப்பு புள்ளி புள்ளியாக உடையாமல் சிவப்பாகவே இருந்தது. பழையதில் என் முகம் கரைந்துபோயிருந்தது. ஆனால் எனக்குப் பின்னால் இருந்த கரும்புத் தோகை அரத்தின் பல்லைப்போல அத்தனை கூர்மை. கேமரா கெட்டிருந்தால் தோகை மட்டும் எப்படித் தெரியும்?

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் குனிந்து, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்கு உற்றுப் பார்த்து, இடப்பக்கத்துப் படத்தைத் தொட்டார்.

“இதான மிரர்லெஸ்ஸு? இன்னா தெளிவு பாரு!”

அவர் தொட்டது பழைய கேமராவின் படம்.

பழைய கேமராவைக் கையில் எடுத்தேன். “மாமா, நீ போயி அந்த நாற்காலியில உக்காரு.” அதே இடம், அதே லென்ஸ். வளையத்தை நானே திருப்பினேன்.

ஓட்டிப் பார்த்தபோது, புதிய கேமராவின் நுணுக்கம் அதில் இல்லை. நிழல் விழுந்த இடத்தில் மணல் தூவினாற்போல இருந்தது. ஆனாலும் அவர் முகம் முழுசாக இருந்தது. நரைத்த மீசை, கன்னத்து மரு, என்னைப் பார்த்தும் என்மேல் நிற்காத கண்கள்.

“இதுவும் பழைய கேமராதான் மாமா. நான் எடுத்தது.”

அவர் திரையிலிருந்து முகத்தை விலக்கினார். “எனக்குக் கண்ணு தெரியலன்றியா?”

“எத்தினி நாளா இப்டி கீது?”

“சும்மா இருடி,” என்று எழுந்தவர், வாசலைத் தாண்டாமல் அங்கேயே நின்றார். குரல் உடைந்தது. “ஓரமெல்லாம் தெரியுது. நடுவுலதான் அழுக்குத் துணியால மூடுன மாதிரி. கேமராவ மாத்தினா செரியாப் பூடும்னு நெனச்சேன்.”

கண் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, சர்க்கரை நோய் விழித்திரையைத் தின்றிருந்தது. போனது வராது, இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் கண்ணுக்குள் தொடர்ந்து ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கண்ணைப் பொத்தினார், பிறகு மற்றதை. “நான் வேற இன்னா வேல செய்வேன், சொல்லு,” என்றார்.

அதன்பிறகுதான் கையிலிருந்த நகையை விற்று செகண்ட்ஹேண்டில் மிரர்லெஸ் ஒன்று வாங்கினோம். படம் தெளிவாக வரும் என்பதற்காக இல்லை, ஃபோகஸை அது பார்த்துக்கொண்டால் அவரால் தொழிலில் நிற்க முடியும் என்பதற்காக. டி.எஸ்.எல்.ஆரை நான் எடுத்துக்கொண்டேன். சில முகூர்த்தங்கள் ஓடின. அவர் முகத்திலும் தெளிவு வந்தது.

பிறகு ஒரு கல்யாணத்தில், மேடைக்குப் பின்னால் வாழ்த்துப் பேனரில் அச்சடித்திருந்த யாரோ ஒருவரின் முகத்தில் கேமரா ஃபோகஸைப் பிடித்துக்கொண்டது. மேளம் கொட்டி, தாலி ஏறி, அட்சதை விழுந்து முடியும்வரை அதை விடவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை. மறுநாள் நான் எடிட் செய்யும்போது பின்னால் வந்து நின்று, “எப்டி வந்துக்குது?” என்று கேட்டார். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. சொல்லிவிட்டேன்.

“இனிமே நீயே எடு,” என்று போனவர் அந்தக் கேமராவை மறுபடி தொடவில்லை.

இப்போது இரண்டையும் நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். ஊசிக்கு வரமாட்டேன் என்கிறார். “போட்டு இன்னா பண்ணப்போறேன்?” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். இன்று காலையும் கெஞ்சிப் பார்த்தேன். போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார்.