கிரகணத்தன்று வெளியே நின்றவர்

தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருக்கும் ஈயத்தாளைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி, நடுவில் குண்டூசியால் ஒரு துளை போட்டது. குன்னூரில் எங்கள் வானவியல் சங்கத்தின் பெரிய சொத்து அதுதான் என்றால் சிரிப்பீர்கள். வெயிலில் அதைப் பிடித்தால் துளை வழியாகச் சூரியனின் உருவம் தரையில் காசளவு வந்து விழும். தொலைநோக்கி ஒன்றும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் வருஷத்தில் பாதி நாள் மஞ்சு மூடிக் கிடக்கிற மலையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? நீலகிரியில் வானவியல் சங்கம் நடத்துவது அடைமழையில் அப்பளம் காயப்போடுகிற வேலை. வெடிமருந்துத் தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்த நானும் என்னைப் போன்ற சிலரும் அந்த வேலையை மெனக்கெட்டுச் செய்தோம் என்றால், அதற்குக் காரணம் எங்கள் செயலாளர். பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வயதில் மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சிலோனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய குடும்பங்களைச் சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட்டுகளில் குடியமர்த்திக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பிற்பகலில் சூரிய கிரகணம் வருவதாக இருந்தது. டவுனில் படித்தவர்களுக்குக் காட்டி என்ன ஆகப்போகிறது, அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போவோம் என்றார் அக்கா. அப்போது அவருக்கு ஏழாம் மாதம். கிரகண வெளிச்சம் பட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்ற பயம் லயத்தில் மட்டுமா இருந்தது? என் வீட்டிலும் இருந்தது, அவர் மாமியாரிடமும் இருந்தது. நீங்கள் மட்டும் வீட்டில் இருங்களேன் என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

"ஏனுங் தம்பி, எல்லாத்தையும் வெளிய வாங்கன்னு சொல்லிப்போட்டு நான் ஊட்டுக்குள்ள கதவச் சாத்திட்டுக் கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

ஊட்டி, கூடலூர் என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். லயத்தில் எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தது. நாய்கூட வெளியே இல்லை. முற்றத்தின் நடுவில் அக்கா வயிற்றைத் தள்ளிக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, அட்டையைப் பிடித்தபடி நின்றார். முதலில் ஆண்கள் வந்தார்கள். பிறகு இரண்டு கிழவிகள். தரையில் விழுந்த சூரியனை ஒரு பக்கம் கடித்துவிட்ட மாதிரி இருப்பதைப் பார்த்து ஒரு கிழவி, "அடி ஆத்தே!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அப்போதுதான் ஒருவர் கேட்டார். "அப்பன்னா டீச்சர், எங்க காம்பரா தகரத்துலயும் ஆணி ஓட்டை இருக்கே, அதுலயும் வருமா?" காம்பரா என்பது லயத்தில் ஒரு குடும்பம் இருக்கிற ஒற்றை அறை. பாடம் அவருக்குப் புரிந்துவிட்டதில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "வருமுங்க! உள்ள போய்ப் பாருங்க, ஓட்டைக்கு ஒரு சூரியன் விழுந்திருக்கும்!" என்று உரக்கச் சொன்னார். அடுத்த நிமிஷம் கடைசிக் காம்பராவிலிருந்து ஒரு கிழவியின் அலறல் கேட்டது. உள்ளே அவருடைய மருமகள் மாசமாகப் படுத்திருந்தாளாம். கூரை ஓட்டை வழியாக வந்த அரைச் சூரியன்கள் அவள் மேலெல்லாம் விழுந்து கிடந்தனவாம். கிரகணத்தை வீட்டுக்குள் அனுப்பிவிட்டாள் இந்த டீச்சர் என்று கிழவி மண்ணை வாரித் தூற்றினார். அரண்டு வந்து பஸ் ஏறினோம்.

அடுத்த மாதம் அக்காவின் குழந்தை பிறக்கும்போதே உயிரில்லாமல் பிறந்தது.

ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஊர் கேட்குமா? துக்கம் விசாரிக்க வந்தவர்களே கிரகணத்தைத்தான் விசாரித்தார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா சண்டை போடவில்லை, அழவும் இல்லை. சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் பார்க்கப் போனபோது, அடுப்படியில் நின்றபடியே சொன்னார்.

"என்ற கொழந்தை எதுல போச்சுன்னு எனக்குத் தெரியுமுங் தம்பி. ஆனா நெஞ்சு கேக்க மாட்டேங்குது. அந்த லயத்துப் புள்ளைக்கு என்னாச்சுன்னு தெரியோணும். அவ உள்ளதானுங்க படுத்திருந்தா. வெளிச்சம் உள்ளயும் வரும்னு கத்துனது நானு."

அங்கேயும் ஏதாவது ஆகியிருந்தால் இந்த மனுஷி அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாரே என்று எனக்குப் பயம். தள்ளிப்போட்டுப் பார்த்தேன், விடவில்லை. மழைக்காலம் கழிந்ததும் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைசிக் காம்பரா வாசலில் அதே கிழவி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு குழந்தை, கொழுகொழுவென்று. என் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. பிள்ளை இல்லாத அக்காவின் இடுப்பைக் கிழவி பார்த்தார். விஷயம் அவருக்கு எட்டியிருந்தது. வைய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நிஜமாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

"நான் ஓடிப்போய்க் கம்பளியப் போட்டு மூடுனேன் டீச்சர். அதுனாலதான் இது தப்பிச்சிச்சி. நீங்க மூடாம நின்னுட்டீங்களே தாயி."

அக்கா குழந்தையின் உள்ளங்காலை ஒரு தரம் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

பஸ் நிற்கும் வளைவை நெருங்கும்போது பின்னாலிருந்து, "டீச்சர், டீச்சர்" என்று குரல். கொழுந்துக் கூடை முதுகில் ஆட, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பெண் ஓடி வந்தாள். அந்த மருமகள்தான். நாங்கள் வந்திருப்பதை யாரோ கொழுந்து பறிக்கிற மலையில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மூச்சு வாங்க, சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"மாமி கம்பளி கதை சொல்லிச்சா? போட்டுட்டு அது வெளிய போன கையோட நான் தள்ளிட்டேன் டீச்சர். எல்லாம் முடியிற வரைக்கும் சும்மாதான் படுத்திருந்தேன். வயித்து மேல சின்னச் சின்னதா மினுங்கிச்சி. கையில புடிச்சிப் புடிச்சிப் பாத்தேன். இது யாருக்கும் தெரியாது. ஒங்களுக்குப் புள்ள தங்கலைன்னு கேட்டதுலருந்து, ஒங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு கெடந்தேன்."

"பயமா இல்லையா உனக்கு?" என்று கேட்டார் அக்கா.

"பயந்தான்" என்றாள் அந்தப் பெண். "ஆனா நீங்க வெளிய நின்னுக்கிட்டிருந்தீங்களே."

அக்கா அந்த ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளை போன நாளிலிருந்து அழாத மனுஷி, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். கூடலூர் பஸ் வந்து ஹாரன் அடித்தது. போகட்டும் என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டேன்.