உதறிய மணல்

இன்று மைசூரில் எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரை இடித்த கொத்தனார், நகத்தளவுச் சிப்பி ஒன்றை என் கையில் வைத்தார். "பாருங்க அக்கா, அசல் ஆத்து மணல். இப்பல்லாம் கல்லை அரைச்ச எம்-சாண்டுதான், அதுல சிப்பி எங்கிருந்து வரும்?"

ஈரக் காரையிலிருந்து தலக்காட்டு வாசனை வந்தது. சின்ன வயதில் வருஷத்துக்கு ஒருமுறை காவிரிக்கரையில் இருக்கும் அந்த ஊருக்குப் போவோம். கோயில்களைக் கழுத்துவரை மூடிய மணல், மேலே சுட்டு உள்ளே குளிர்ந்திருக்கும். அதே மணல்தான் காவிரியோரம் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கிறதென்று நம்பி, நானும் தங்கையும் சிப்பி பொறுக்குவோம். இந்த ஊர் மணலாகட்டும் என்று சபித்துவிட்டு ஒரு ராணி ஆற்றில் குதித்த கதையை அம்மா ஒவ்வொரு முறையும் குரலைத் தாழ்த்திச் சொல்லி, திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி, சிப்பிகளைக் கொட்டச் சொல்லி, எங்கள் பாவாடை மடிப்பு, செருப்பு, காதுமடல்வரை தட்டிவிடுவாள்.

"நல்லா உதறுங்கடி. சாபம் புடிச்ச மண்ணு, ஒரு பொடிகூட வீட்டுக்கு வரக் கூடாது."

மேஸ்திரியான அப்பா எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு இந்த வீட்டைக் கட்டியபோது, அந்தக் கரையிலிருந்தே லாரி லாரியாக மணல் இறக்கினார். குவியலில் சிப்பிகள் கிடந்ததை நான் பார்த்துவிட்டேன். "அம்மாகிட்ட சொல்லாதம்மா" என்றார். அம்மா சாகும்வரை நான் சொல்லவில்லை.

போன மாதம் தலக்காடு போயிருந்தேன். நாங்கள் சிப்பி பொறுக்கிய கரையே இல்லை. மணல் அள்ளிய ஆளுயரக் குழிகளில் பச்சைத் தண்ணீர் நின்றது.

கொத்தனார் மறுபடி உளி வைத்தார். மணல் என் சேலையில் கொட்டியது. அம்மா சொன்னபடி எழுந்து நின்று நன்றாக உதறினேன். எல்லாம் வீட்டுக்குள்ளேயேதான் விழுந்தது.