கூரைக்கு ஒரு நடைபாதை

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் எலக்ட்ரீசியனாக இருந்த பனியன் கம்பெனியில் சோலார் ஓடத் தொடங்கிய அன்று, முதலாளி எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் சோலார் இருக்கிறதா என்று கேட்டுத்தான் ஆர்டர் தருகிறார்கள். அந்தக் கவலை அன்றோடு தீர்ந்தது அவருக்கு. எனக்கும் பெருமைதான்.

கூரைமேல் இருக்கும் பேனலில் தூசி படிந்தால் கரண்ட் குறையும். அடிக்கடி கழுவ வேண்டும். கழுவிக்கொண்டிருந்த ஹெல்பர் ஊருக்குப் போய்விட, செக்கிங்கில் பீஸ் பார்க்கும் செல்வி தானாகவே வந்தாள். தேனிப் பக்கத்துப் பெண்.

"நாள் பூரா லைட்டுக்கடியில துணியப் பாத்துப் பாத்து கண்ணு எரியுதுண்ணே. மேல நல்லா காத்து வருது" என்றாள்.

எங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ். வெளிச்சத்துக்காக நடுநடுவே ஃபைபர் ஷீட் போட்டிருந்தது. தூசி ஏறினால் இரண்டும் ஒரே நிறம். ஃபைபர் ஆள் எடை தாங்காது.

முதலாளியிடம் சொன்னேன். "நடக்கறதுக்கு மேல தகரத்துல ஒரு பாதை போடோணுங்க."

"போட்டரலாம் பழனிச்சாமி. இந்த ஷிப்மெண்ட் போகட்டும்" என்றார். மோசமான மனிதர் இல்லை. அடுத்த வாரமும் அதையே சொன்னார்.

ஒரு காலையில் பெரிய சத்தம் கேட்டு ஓடினேன். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில், சிமெண்ட் தரையில் செல்வி கிடந்தாள். மேலே உடைந்த ஷீட் வழியாக அவள்மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

உயிர் பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, இனி நடக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் தள்ளிப் போட்டுட்டேன்" என்று அழுதார். அந்த வாரமே பாதை போட்டார். பிறகு பையர்கள் வந்து கூரையைப் படம் எடுத்துப் பாராட்டினார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து அவிநாசியில் அவள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன்.

"எப்படி இருக்கற அம்மிணி?"

"இருக்கேண்ணே" என்று சிரித்தாள். "மவனுக்குப் பள்ளிக்கூடத்துல சோலாரு பாடம் வந்துச்சாம். எங்கம்மா அதுலதான் வேல பாத்தாங்கன்னு டீச்சர்கிட்டப் பெருமையாச் சொல்லிருக்கான்."

கொண்டுபோன பழத்தை வைத்துவிட்டு எழுந்தேன்.

இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். சோலார் போடுகிறவர்கள் யோசனை கேட்டுக் கூப்பிடுகிறார்கள். எத்தனை கிலோவாட் என்று பேசுவதற்கு முன், கழுவ யார் ஏறுவார்கள், எங்கே கால் வைப்பார்கள் என்று கேட்கிறேன். "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாங்க" என்பார்கள் சிலர்.

"அப்பறம் வேண்டாங்க. பாதையப் போட்டுட்டுக் கூப்புடுங்க, வர்றேன்" என்று வண்டியைத் திருப்பிவிடுவேன்.