சந்தியில் தொங்கிய காப்புரிமை

எங்கள் விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இணையத்தளத்தில் வெளியானதும், அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட மடையன் நான்தான். விண்ணப்பம் வெளியாவது வேறு, உரிமை கிடைப்பது வேறு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அந்த வாரமே அரியாலைச் சந்தியில் சித்தப்பா பனர் கட்டிவிட்டார். என் படம், பக்கத்தில் ஒரு சோதனைக்குழாய், 'காப்புரிமை பெற்ற எம் மண்ணின் மைந்தனுக்கு வாழ்த்துகள்'. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் சோதனைக்குழாயைத் தொட்டதே இல்லை. டவுனில் ஒரு சின்ன அலுவலகத்தில் மென்பொருள் எழுதுகிறேன்.

இரசாயனப் பெயரைக் கொடுத்தால் அதன் கட்டமைப்பைப் படமாகக் கீறித் தரும் மென்பொருளுக்குத்தான் எங்கள் அலுவலகம் விண்ணப்பித்திருந்தது. 2-மெதைல்புரொப்பேன் என்றால் மூன்று காபன் வரிசையாக நிற்கும், நடுக் காபனில் இன்னொன்று தொங்கும். எல்லாம் பெயருக்குள்ளேயே இருக்கிறது. பிழையாக அச்சான பழைய பெயர்களையும் திருத்திக் கீறுவது எங்கள் கண்டுபிடிப்பு என்று நம்பியிருந்தோம். காப்புரிமை அலுவலகப் பரிசோதகரோ பிறகு, அதே வழியை எங்களுக்கு முன்பே வேறு ஆட்கள் செய்திருப்பதை எடுத்துக் காட்டி நிராகரித்துவிட்டார்.

பனரைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் தங்கைக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. சாதகத்தோடு என் காப்புரிமையையும் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை கனடாவில் காப்புரிமைச் சட்டத்தரணி என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அவர் தேடிப் பார்த்தால் நிராகரிப்பு அப்படியே தெரியும். பொய்க்காரக் குடும்பம் என்று சம்பந்தத்தை விட்டுவிடுவார்களோ என்று பயந்து, தங்கையிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு எழும்பிப் போனாள். சாதகம் பொருந்தியிருந்ததால் அவளும் மாப்பிள்ளையும் அப்போதே போனில் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

போன ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தேத்தண்ணி வந்ததும் சித்தப்பா தொடங்கிவிட்டார்.

"தம்பி, உங்கடை துறைதானே. எங்கடை பொடியன்ரை காப்புரிமையைப் பற்றி என்ன நினைக்கிறியள்?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் பலகாரத் தட்டைப் பார்த்தேன்.

"அதுக்கு நிறைய உழைக்க வேணும் மாமா," என்றார். உடனேயே, காங்கேசன்துறையிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஒழுங்காக ஓடுகிறதா என்று சித்தப்பாவிடம் கேட்டார். கப்பல் என்றால் சித்தப்பாவுக்குப் போதும். பேச்சு இந்தியாவுக்கே போய்விட்டது. தப்பினேன் என்று மூச்சு விட்டேன்.

அவர்கள் போன பிறகு, குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த தங்கையிடம் மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது போல என்றேன். அவள் திரும்பவில்லை.

"நான் அவருக்கு முதலே சொல்லிப்போட்டன். அண்ணை வெக்கப்படுவார், ஆக்களுக்கு முன்னாலை கேளாதேங்கோ எண்டும் சொன்னனான்."

சம்பந்தம் குழம்பியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன்.

"குழம்பினால் குழம்பட்டும் எண்டுதான் சொன்னனான்."

மூத்தவன் நான். அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கி நானே கழுவினேன். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.